பையன்கள் கண்மாய் தூர்வாருகிறார்கள், நான் எவ்வளவு தரலாம்?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 62. சிவகங்கை மாவட்டத்தில் கிராமம். ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய். 2023 ஜூனில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் போட்டேன். சேமிப்புக் கணக்கில் 1.2 லட்சம் கிடக்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகள் பதினைந்து பேர் சேர்ந்து ஊர்க் கண்மாயைத் தூர்வாரக் கிளம்பியிருக்கிறார்கள். அதில் ஒருவனுடைய ஜிபே எண்ணில் இதுவரை 1.4 லட்சம் சேர்ந்திருக்கிறது. நான் 2 லட்சம் கொடுக்க நினைக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனும் நண்பர்களிடம் வசூலித்து அனுப்புவதாகச் சொல்கிறான். வரிச் சலுகை கிடைக்குமா? பணம் வீணாகாமல் இருக்க நானே பொருளாளராக இருந்துவிடட்டுமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள் ஐயா. ஆனால் அந்த 10 லட்சத்தில் கை வைக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் 2 லட்சத்தை மட்டும் உருவ வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டிய கணக்கை முடித்தால் அசலில் 1 சதவீதம் பிடிப்பார்கள். 2 லட்சம் கொடுக்க 10,000 ரூபாய் தண்டம், 8.2 சதவீத வட்டியும் போச்சு.

அந்த வட்டியே மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வருகிறதே. சேமிப்புக் கணக்கிலிருந்து இப்போது 40,000 கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வட்டியிலும் 10,000. நாலு வருடத்தில் நீங்கள் நினைத்த அதே 2 லட்சம் ஆகிவிடும். 2028-ல் திட்டம் முதிரும்போது மேலும் மூன்று வருடம் நீட்டித்துக்கொள்ளலாம்.

தவணையாகக் கொடுப்பது உங்கள் வசதிக்காக மட்டுமல்ல. ஜேசிபி இறங்கும் நாளில் ஊரே பணம் தரும், போட்டோவும் எடுத்துக்கொள்ளும். அடுத்த மழை முடிந்ததும் வெட்டிய தூரிலிருந்து சீமைக்கருவேலம் துளிர்த்து நிற்கும், வரத்துக்காலில் மறுபடி மண் சேரும். அதை வெட்டக் கூலி கேட்டுப் போனால் "போன வருஷம்தானே கொடுத்தோம்" என்பார்கள். இந்த மாதிரி முயற்சிகள் பெரும்பாலும் சோர்ந்துபோவது இரண்டாம் வருடத்தில்தான். உங்கள் பத்தாயிரம் அப்போதுதான் அருமையாகத் தெரியும்.

வரிச் சலுகையை மறந்துவிடுங்கள். ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 5.4 லட்சம். புதிய வரி முறையில் உங்களுக்கு வரியே இல்லை, நன்கொடைக்கான கழிவும் அந்த முறையில் கிடையாது. இல்லாத வரிக்கு எதற்கு ரசீது?

எனக்கு உறுத்துவது அந்த ஜிபே எண். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருடைய கணக்குக்கு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் மொத்தத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படலாம். அந்தத் தம்பியின் சம்பளத்துக்கு வரி வராமலே போகலாம். ஆனாலும் நோட்டீஸ் வந்தாலும் ஊரில் ஒரு வதந்தி கிளம்பினாலும் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே? 18 வயது நிரம்பிய ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, இருவர் சேர்ந்து கையெழுத்து. அந்த இருவரும் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், தமிழராகவே இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ சட்டப்படி அனுமதி இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. யார் யாருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று மகனைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

பொருளாளர் பதவி வேண்டாம் ஐயா. என் ஊரில் ஒரு குளத்துக்கு லட்சம் ரூபாய் கொடுத்த பெரியவர், ஒவ்வொரு செலவுக்கும் தன்னைக் கேட்கச் சொன்னார். மூன்றே மாதத்தில் பையன்கள் கழன்றுகொண்டார்கள். குளத்தில் இப்போது ஆகாயத்தாமரை. 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர் கேனும் கொண்டுவந்து கொடுத்த பெரியவர்கள் எத்தனை பேர்! மைக்கை யாரும் பிடுங்கவில்லை.

பிள்ளைகளால் முடியாத வேலை வேறு இருக்கிறது. ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையுடையது, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் வழக்கு பாயலாம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் தாலுகா ஆபீஸில் எத்தனை நாள் உட்கார முடியும்? நீங்கள் உட்காரலாம். கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள், மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றும் சபை கூடும். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும், அதற்கும் மனு எழுத ஆள் வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு 2019-ல் பேராவூரணி பெரிய குளத்தைத் தூர்வாரியதும் இளைஞர்கள்தான், ஊர்ப் பணத்தில்தான்.

கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒரு நீள நோட்டு போதும். ஜேசிபி எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது, எப்போது நின்றது, மீட்டரின் போட்டோ, டீசல் பில். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடட்டும்.

முதல் 40,000-ஐ சங்கக் கணக்கு திறந்த பிறகு காசோலையாகவே கொடுங்கள். கையோடு ரசீது கேளுங்கள். ரசீதுப் புத்தகம் அச்சடித்தார்களா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.