நகையை வைத்து என்ஜின் கட்டலாமா?

கேள்வி: காட்பாடியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நானும் என் தம்பியும் இரண்டு நண்பர்களுமாகச் சேர்ந்து ரேஸ் டீம் ஆரம்பித்து, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 165 சிசி பிரிவில் ஒரு சீசன் ஓடினோம். ஓட்டுவது தம்பி. மூன்று ரேஸ். ஒன்றில் கடைசி இடம், ஒன்றில் செயின் அறுந்தது, ஒன்றில் கீழே விழுந்தான். மற்றவர்கள் பத்து வருஷமாக ஓடுகிற டீம்கள். 2 லட்சம் கொடுத்தால் அவர்களுக்குச் சமமாக என்ஜின் கட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வீட்டு நகையை அடகு வைக்கலாமா? நாங்கள் எப்போது ஜெயிப்போம் சார்?

பதில்: அன்புள்ள தம்பி, நகையை வைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று ரேஸில் இரண்டை நீங்கள் முடிக்கவே இல்லை. முடித்த ஒன்றில் பின்தங்கியது என்ஜினாலா, வளைவுகளிலா, டயரிலா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அந்த பத்து வருஷ டீம்களிடம் இருப்பது வெறும் என்ஜின் இல்லை. எந்த மாதம், எந்த வெயிலில், செயின் ஓடும் ஸ்பிராக்கெட் சக்கரத்தில் எத்தனை பல், டயரில் எவ்வளவு காற்று என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டு. அதை 2 லட்சத்துக்கு யாரும் விற்க மாட்டார்கள்.

2010-இல் ஃபார்முலா ஒன்னுக்கு மூன்று புது டீம்கள் வந்தன. அதில் ஹெச்ஆர்டி டீமில் நம் சென்னைப் பையன் கருண் சந்தோக் ஓட்டினார். முதல் ரேஸ் பஹ்ரைனில். அவருடைய கார் முதன்முதலாக ஓடியதே சனிக்கிழமை தகுதிச் சுற்றில்தான். அதற்கு முன் ஒரு சுற்றுகூட ஓடாத கார்! மறுநாள் ரேஸில் ஆரம்பத்திலேயே வெளியேறினார். ஆனால் அடுத்த ரேஸில், மெல்போர்னில், முன்னால் போனவரைவிட 5 சுற்று பின்தங்கினாலும் 14-ஆவதாக முடித்தார். அந்த டீம் முதன்முதலாக முடித்த ரேஸ் அது. அதே வருஷம் வந்த விர்ஜின் டீம், கார்மேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனை இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே காரை வடிவமைத்தது. கடைசியில் பெட்ரோல் டேங்க் ரேஸை முடிக்கப் போதாது என்று தெரிந்து, மாற்றிக் கட்ட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அந்த சீசனில் மூன்று டீம்களுக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியென்றால் பட்டியலில் யார் மேலே? மூன்றாவது புது டீமான லோட்டஸ் ஒரு ரேஸை 12-ஆவதாக முடித்திருந்ததால் அதற்கு 10-ஆவது இடம். அதிகத் தடவை 14-ஆவதாக முடித்ததால், மெதுவான காரை வைத்திருந்த ஹெச்ஆர்டி விர்ஜினுக்கு மேலே வந்துவிட்டது. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதே ஃபார்முலா ஒன்னில் டொயோட்டா 2002 முதல் 2009 வரை 8 சீசன் ஓடியது. பணத்துக்குக் குறைவே இல்லை. ஒரு வெற்றி கிடைக்கவில்லை. ஹாஸ் டீம் வேறு வழியில் போனது. 2014-இல் அனுமதி கிடைத்தும் அவசரப்படாமல் 2016-இல்தான் களமிறங்கியது. என்ஜின், கியர்பாக்ஸ் என்று விதி அனுமதித்ததையெல்லாம் ஃபெராரியிடம் வாங்கியது. காரின் உடற்கூடான சேஸிஸ் செய்வதை டல்லாரா என்ற இத்தாலியக் கம்பெனியிடம் விட்டது. முதல் ரேஸிலேயே 6-ஆவது இடம், அடுத்ததில் 5-ஆவது. முதல் ரேஸில் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியபோது டயர் மாற்ற வாய்ப்புக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்தபோது அவர்கள் கார் ஓடிக்கொண்டிருந்தது.

பைக் ரேஸில் உச்சமான மோட்டோ ஜிபி-யில் கேடிஎம் கம்பெனி 2017-இல் முழு சீசனுக்கு வந்தது. முதல் வெற்றி 2020-இல், செக் நாட்டின் பிர்னோவில். ஜெயிக்காத கம்பெனிகளுக்கு அப்போது அங்கே கூடுதல் டெஸ்டிங், கூடுதல் என்ஜின் என்று சலுகை இருந்தது. அது இருந்தும் இத்தனை வருஷம். எப்போது ஜெயிப்போம் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மூன்று சீசன் ஓடி முடிக்காமல் அதைக் கேட்காதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? நானும் சென்னைப் பக்கம் சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஒரு சின்ன டீமுக்கு ஸ்பேனர் பிடித்தவன்தான். ரேஸுக்கு முந்தின ராத்திரி ஆசைப்பட்டு கார்புரேட்டரை மாற்றினோம். காலையில் வண்டி நன்றாகத்தான் போனது. மதியம் இரண்டு மணிக்கு அடைத்து அடைத்து நின்றது. வெயில் ஏறினால் காற்று லேசாகி ஆக்ஸிஜன் குறையும், அதற்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்ற வேண்டும். இதெல்லாம் அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. வெயிலூர்க்காரர்கள் நாம். ஏப்ரல், மே மதியத்தில் வண்டி எப்படி மூச்சு விடுகிறது என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதை எழுதி வையுங்கள்.

டயர் காற்றை, வண்டி டிராக்கிலிருந்து டீம் நிற்கும் பிட்டுக்கு வந்தவுடன், சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஒவ்வொரு ரேஸுக்கும் புதுச் செயின், ஸ்பிராக்கெட் செட். அறுந்த செயினைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது எனக்கு வருத்தம். மெக்கானிக் வைத்திருக்கும் டீமில் அது நடக்கக் கூடாது.

அந்த 2 லட்சத்தில் கால்வாசி கையிலிருந்தால்கூட அதைப் பயிற்சி நாட்களுக்குச் செலவழியுங்கள். வாலாஜா, காஞ்சிபுரம் தாண்டி சுமார் 100 கிலோமீட்டரில் டிராக் இருக்கிறது. இப்படிப் பக்கத்தில் டிராக் இருப்பது எத்தனை ஊர்க்காரருக்குக் கிடைக்கும்? ஆனால் ராத்திரியில் பெங்களூர் ஹைவேயில் டெஸ்ட் பண்ணுகிற வேலை மட்டும் வேண்டாம். தம்பி உங்கள் கூடப் பிறந்தவன். லாரிக்கு ரேஸ் தெரியாது.

தம்பியை ஒரு சீசன் ஒன் மேக் ரேஸில் ஓட வையுங்கள். எல்லோருக்கும் ஒரே கம்பெனியின் ஒரே பைக். அங்கே அவன் எத்தனை நொடி பின்தங்குகிறானோ, அது பெரும்பாலும் ஓட்டத்தில் இருக்கும் குறை. மீதிதான் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்ய வேண்டியது. அப்புறம், விஐடி மாணவர்கள் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்கு கார் கட்டுகிறார்கள். போய்ப் பேசிப் பாருங்கள். சென்சார் தகவலைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் நோட்டைப் பார்த்தால் நீங்கள் பார்க்காததைப் பார்ப்பான்.

அடுத்த சீசனில் எல்லா ரேஸையும் முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நோட்டின் நகலையும் அனுப்புங்கள். டயர் காற்று எழுதிய பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.