பம்பரில் பறந்த குதிரை ஹர்டிலில் தோற்றால்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். இருபது பேர் சேர்ந்து வாங்கிய பந்தயக் குதிரையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. குதிரைக்கு ஐந்து வயது. தடைகள் இல்லாத பம்பர் பந்தயத்தில் 9 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்ததும், அடுத்த சாம்பியன் இதுதான் என்று எல்லோரும் பேசினார்கள். போன மாதம் முதல்முறையாக, தாழ்வான தடைகளைத் தாண்டி ஓடும் ஹர்டில் பந்தயத்தில் ஓடியது. அதுதான் ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை. ஆனால் 14 லெங்த் பின்தங்கி ஐந்தாவதாக வந்தது. கடைசி வளைவு வரை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பங்கை விற்றுவிடலாமா, பொறுத்திருக்கலாமா?

பதில்: இப்போது விற்காதீர்கள். ஒரே ஒரு ஹர்டில் ஓட்டத்தை வைத்து ஐந்து வயதுக் குதிரையை எடைபோட முடியாது. அதற்காகச் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். அந்தப் பந்தயத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எத்தனை லெங்த் தோற்றது என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் தோற்றது என்று தேடுங்கள். ஹர்டிலைத் தாண்டும்போதா, இரண்டு ஹர்டிலுக்கு நடுவிலா, கடைசி ஹர்டிலுக்குப் பிறகா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

அதற்கு முன்னால் அந்தப் பம்பர் வெற்றியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பம்பரில் தடைகளே கிடையாது, வெறும் தரையோட்டம். பெரும்பாலும் முதல் மைல் மந்தமாகப் போகும், கடைசி மூன்று பர்லாங்கில்தான் எல்லோரும் விரட்டுவார்கள். அந்தச் சின்ன விரட்டலில் கால்வேகம் உள்ள குதிரை எட்டு, ஒன்பது லெங்த் பிரிந்து வருவது பெரிய அதிசயமில்லை. ஹர்டில் பந்தயம் அப்படியல்ல. ஆரம்பத்திலிருந்தே வேகம் இருக்கும், இரண்டு மைலில் வழக்கமாக எட்டு ஹர்டில்கள் குறுக்கே நிற்கும். அதனால் பம்பரில் பார்த்த 9 லெங்த்தை அப்படியே இங்கே எதிர்பார்த்தது குதிரையின் குற்றமில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்வது க்யூ கார்டு என்ற குதிரையின் கதை. 2010-ல் இங்கிலாந்தின் செல்ட்னம் மைதானத்தில் நடந்த சாம்பியன் பம்பரில், நான்கு வயதில், யாரும் பெரிதாக நம்பாத 40-க்கு 1 பந்தய விலையில் ஓடி, எட்டு லெங்த்தில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்தது அல் ஃபெராஃப். அடுத்த ஆண்டு அதே செல்ட்னமில் சுப்ரீம் நாவிஸ் ஹர்டில் (நாவிஸ் என்றால் ஹர்டிலுக்குப் புதிய குதிரைகளுக்கான பந்தயம்). க்யூ கார்டு ஃபேவரிட். ஜெயித்ததோ முந்தைய ஆண்டு தோற்றுப்போன அல் ஃபெராஃப். க்யூ கார்டு நான்காவது. அன்றைக்கு அதைக் கைகழுவியவர்கள் பின்னால் பார்த்தது என்ன? ஹேடாக் மைதானத்தில் பெட்ஃபேர் சேஸை மூன்று முறையும், கெம்ப்டனில் 2015-ன் கிங் ஜார்ஜையும் என்று பெரிய ஃபென்ஸ் (உயரமான தடை) பந்தயங்களை ஜெயித்த குதிரை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த சுப்ரீம் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது ஸ்பிரின்டர் சாக்ரே. ஃபென்ஸ் பந்தயங்களுக்கு மாறியதும், இரண்டு மைல் தூரத்தில் இந்தத் தலைமுறை கண்ட மிகச் சிறந்த குதிரைகளில் ஒன்றாக அது ஆனது. அன்று தோற்ற இரண்டுமே ஹர்டிலைவிட உயரமான ஃபென்ஸ்களில்தான் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தன.

சரி, உங்கள் குதிரைக்கு வருவோம். ஹர்டில் மூன்றரை அடி உயரம். மரச்சட்டத்தில் குச்சிகளைச் செருகிச் செய்வதுதான் வெகுகால வழக்கம். சற்றுச் சாய்த்து நட்டிருப்பார்கள், இடித்தால் மடங்கிக் கொடுக்கும். நல்ல ஹர்டில் குதிரை அதை எகிறிக் குதிக்காது, ஓட்டத்தை விடாமல் தாழ்வாகக் கடந்துபோகும். புதுக்குதிரை ஒவ்வொரு ஹர்டிலிலும் தயங்கி அரை லெங்த் விட்டால் எட்டு ஹர்டிலில் நான்கு லெங்த். அதோடு போகாது. விட்டதைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் செலவழித்த சக்தி கடைசியில் கணக்கில் வந்து நிற்கும். வீடியோவில் ஹர்டிலுக்கு முன்னும் பின்னும் பக்கத்துக் குதிரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பின்தங்கி, தரையில் எட்டிப்பிடித்தால் சந்தோஷப்படுங்கள். தாண்டுவது பழக்கத்தில் வரும், ஓட்டத்திறமையை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது.

தாண்டும்போது ஒரே பக்கமாகச் சாய்ந்து போகிறதா என்றும் பாருங்கள். எப்போதும் வலப்பக்கமே சாய்ந்தால் ஒன்று அதன் சுபாவம், இல்லையென்றால் முதுகிலோ காலிலோ வலி. சுபாவம் என்றால் வலப்புறம் சுற்றும் கெம்ப்டன், சாண்டவுன், அஸ்காட் போன்ற மைதானங்களுக்குக் கூட்டிப்போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசி வளைவு வரை நன்றாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். மெல்ல மெல்லச் சோர்ந்ததா, விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று நின்றதா? மெல்லச் சோர்ந்தால் உடல் இன்னும் தயாராகவில்லை, அல்லது சேறான தரை ஒத்துவரவில்லை. ஆரம்பத்தில் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு ஓடித் தன் சக்தியைத் தானே தீர்த்திருக்கவும் கூடும். ஐந்து வயதில் பெரிய உடல்வாகுள்ள குதிரையின் முதுகெலும்பு இன்னும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரு கோடை முழுக்கப் புல்வெளியில் விட்டால் வேறு குதிரையாகத் திரும்பி வரும்.

சட்டென்று நின்றிருந்தால் டிரெய்னரிடம் தயங்காமல் கேளுங்கள். மூச்சுக்குழாயில் கேமரா விட்டுப் பார்த்தார்களா? சளி எடுத்துச் சோதித்தார்களா? இதயத் துடிப்பு சீராக இருந்ததா? பங்குதாரராக இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அயர்லாந்தில் சாம்க்ரோ என்ற குதிரையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2018-ல் செல்ட்னமில் ஜெயித்த பிறகு, அதே ஆண்டுக் கடைசியில் லெப்பர்ட்ஸ்டவுனில் ஐந்தாவதாக வந்தது. வெறும் பேச்சுக்குதிரை என்று பலரும் சொன்னார்கள். அப்புறம்தான் நுரையீரலில் தொற்று என்று தெரிந்தது. 2020-ல் செல்ட்னமிலேயே ஃபென்ஸ் பந்தயத்தில் ஜெயித்துத் திரும்பியது. மூச்சுக் கோளாறுக்கு அறுவை செய்தால் பிரிட்டனில் 2018-லிருந்து அடுத்த ஓட்டத்தின் ரேஸ்கார்டிலேயே (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்) அதைக் குறிப்பிட வேண்டும். எதிராளிக் குதிரைகளைப் படிக்கும்போதும் இது உதவும்.

இன்னொரு வேலை. உங்கள் குதிரையைத் தோற்கடித்த நான்கும் அடுத்து எங்கே ஓடுகின்றன என்று குறித்து வையுங்கள். அவற்றில் இரண்டு நல்ல பந்தயத்தில் ஜெயித்தால் அந்த 14 லெங்த்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். நான்கும் சாதாரணப் பந்தயத்திலேயே அடி வாங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

மருத்துவச் சோதனையில் ஒன்றுமில்லை என்றால், அடுத்த ஓட்டத்துக்குச் சிறிய மைதானத்தில், தரை மிகவும் சேறாகவோ மிகவும் கடினமாகவோ இல்லாத நாளில், எளிய நாவிஸ் ஹர்டிலாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு முடிவுக் கம்பத்தைப் பார்க்காதீர்கள், நடுவில் வரும் நான்கு ஹர்டில்களைப் பாருங்கள். அங்கே தாண்டுவது சீராகி, அப்படியும் கடைசியில் தளர்ந்தால் தூரத்தையோ மூச்சையோ மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது ஓட்டத்திலும் முன்னேற்றமே இல்லை, வீட்டுப் பயிற்சியில் மட்டும் பறக்கிறது என்றால், அப்போது பங்கை விற்பதைப் பற்றிப் பேசலாம்.