முதலில் லைட் பிடியுங்கள்: கல்யாண போட்டோகிராபிக்கு வருகிறவர்களுக்குக் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் பதினாலு வருடமாகக் கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் மூன்று வருடம் என் கையில் இருந்தது லைட் ஸ்டாண்டுதான். யாரிடம் சேருவது, எப்படிக் கேட்பது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

அண்ணே, காரைக்குடியில் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பத்துப் பதினைந்து போட்டோகிராபர்களுக்கு "உங்களிடம் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று இன்ஸ்டாகிராமில் மெசேஜ் போட்டேன். ஒருவர்கூடப் பதில் தரவில்லை.

தம்பி, அந்த மெசேஜைப் படிக்கிறவருக்கு அது இன்னொரு வேலையாகத்தான் தெரியும். வைகாசியில் நாலு நாள் சேர்ந்தாற்போலத் தூங்காதவரிடம் போய்ப் பாடம் எடுங்கள் என்று கேட்டால் எங்கே பதில் வரும்? "வருகிற முகூர்த்தத்துக்கு லைட் பிடிக்க, பேக் தூக்க ஆள் வேண்டுமா, காலை மூன்று மணிக்கு வரச் சொன்னாலும் வருவேன், சொந்த வண்டி இருக்கிறது" என்று கேட்டுப் பார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு வழக்கமான லைட் பையன் வரவில்லை என்று தெரிந்தால் அவர் யாரைத் தேடுவார்? உன் நம்பரைத்தான்.

மெசேஜைவிட நேரில் போவது நல்லது. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, காலை பதினொரு மணிவாக்கில் ஸ்டூடியோவுக்குப் போ. போவதற்கு முன்னால் அவர் எடுத்த படங்களை நன்றாகப் பார்த்துவிட்டு, எந்தப் படம் உனக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரிந்துகொண்டு போ. அப்புறம் இன்னொரு வழி, இதை யாரும் யோசிப்பதில்லை: ஆல்பம் டிசைன் செய்கிறவர்களையும் பிரிண்ட் போடும் லேபையும் பழக்கம் பிடி. ஊரில் யாருக்கு வேலை குவிந்திருக்கிறது, யாரிடம் ஆள் நிற்கவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

என்னிடம் கேமராவே இல்லை. கடன் வாங்கி ஒன்று வாங்கிவிட்டுப் போகலாமா? (தேவகோட்டை)

வேண்டாம். அசிஸ்டென்டாகப் போக கேமரா தேவையே இல்லை. ஒரு சீசன் முடியட்டும், அந்த டீமில் என்ன பிராண்டு ஓடுகிறதோ அதிலேயே பழைய கேமரா பாடி ஒன்றும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் வாங்கினால் போதும். லென்ஸை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம்.

அசிஸ்டென்ட் வேலை என்றால் லைட் பிடிப்பது மட்டும்தானா?

லைட் பிடிப்பதே சின்ன வேலை இல்லை. விளக்கைச் சும்மா முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டு நிற்பவன் ஆறு மாதத்திலும் ஒன்றும் கற்கமாட்டான். போட்டோகிராபர் இடது பக்கம் நகர்ந்தால் நீ எங்கே நகர வேண்டும், பெண்ணின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனிக்கிறவனுக்கு அங்கேயே தொழில் பாதி வந்துவிடும்.

மற்ற வேலைகளில் ரொம்ப முக்கியமானது ஒன்று உண்டு. முதல் நாள் மாலை வேலை தொடங்குமுன் எல்லா கேமராவிலும் மணியைச் சரிபார்ப்பது. போனில் நொடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கேமராவிலும் அதை ஒரு படம் எடுத்துவிடு. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நான் இதைச் செய்ய மறந்தேன். மூன்று கேமராவில் ஒன்று நாற்பது நிமிடத்துக்கு மேல் முந்திப் போய்க்கொண்டிருந்தது. படங்களை மணிவாரியாக அடுக்கினால் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுவது, முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குள் வருகிறார்! கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. அப்புறம் மெமரி கார்டு. படம் நிறைந்த கார்டைத் தலைகீழாகத் திருப்பி டப்பாவில் வை, இரண்டு இடத்தில் காப்பி ஏறி, திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை எந்தக் கார்டையும் பார்மட் செய்யாதே. யார் அவசரப்படுத்தினாலும் செய்யாதே.

எனக்குக் கானாடுகாத்தான். எங்கள் பக்கம் நகரத்தார் கல்யாணம் வீட்டிலேயே நடக்கிறது. சென்னையிலிருந்து பெரிய டீம்கள் வருகின்றன. நாங்கள் எப்படி உள்ளே போவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் நல்ல கேமராவும் நல்ல கண்ணும் இருக்கும். ஆனால் இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தத்தை எப்போது எழுதுவார்கள், கோவில் மாலை எந்தக் கதவு வழியாக வரும், வேவு என்கிற சீரை இறக்கும்போது யார் யார் நிற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. வெளியூர் டீமுக்கு உள்ளூர் அசிஸ்டென்ட் கிடைப்பது பெரிய உதவி. அவர்களிடம் "இந்த வீட்டுச் சடங்கு எனக்குத் தெரியும், அடுத்து என்ன என்று ஐந்து நிமிடம் முன்னால் சொல்லிவிடுவேன்" என்று கேள். உன்னைவிட நல்லா எடுக்கத் தெரிந்தவனால்கூட இந்த ஒன்றைச் சொல்ல முடியாது.

தெரியாவிட்டால் ஆச்சிகளிடம் உட்கார்ந்து கேள். நான் அப்படித்தான் கற்றேன். ஒரு பெரிய ஆச்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாலையில் உட்கார வைத்து, பெண் வீட்டில் என்ன, மாப்பிள்ளை வீட்டில் என்ன என்று ஒரு மணி நேரம் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன், அந்த நோட்டு இன்னும் என் பேக்கில் இருக்கிறது. எந்தச் சடங்கும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், அதனால் ஒவ்வொரு வீட்டிலும் திரும்பக் கேட்க வேண்டும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், சந்தோஷமாகத்தான் சொல்வார்கள்.

அடுத்தது வீடு. வளவில், அதாவது வீட்டின் முற்றப் பகுதியில், நடுவே வானம் திறந்திருக்கும், சுற்றிலும் தாழ்வாரம் இருட்டாக இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரே படத்தில் பாதி வெயில், பாதி நிழல். பெண்ணைத் தூண் ஓரமாக, கூரை முடிகிற இடத்தில் நிறுத்தினால் வெளிச்சம் பக்கவாட்டில் மெதுவாக விழும், விளக்கே வேண்டியதில்லை. ஆத்தங்குடித் தளத்தில் சிவப்பு, பச்சைக் கல் இருந்தால் அந்த நிறம் தாடைக்கு அடியில் ஏறும், பார்த்து நிறுத்து. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அதற்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் பொட்டு விழும். லைட் பிடிக்கிற நீ இதை முதல் நாளே வீட்டைச் சுற்றிப் பார்த்து போட்டோகிராபரிடம் சொன்னால், அடுத்த கல்யாணத்துக்கு அவரே உன்னைக் கூப்பிடுவார்.

கழுத்திரு என்கிற நகரத்தார் தாலியைப் பூட்டுகிற நேரம் சொல்லவே வேண்டாம், பங்காளிகள், அத்தை, மாமன் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிவார்கள். அவர்களை விலக்கப் போகாதே. அவர்கள் வீட்டுக் கல்யாணம் அது. உயரமாக ஸ்டாண்டைத் தூக்கிப் பிடி, போட்டோகிராபர் எந்த இடுக்கில் பார்க்கிறாரோ அந்த இடுக்குக்கு வெளிச்சம் கொடு.

மண்டபத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழுகிறது, கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்துப் பார்.

அண்ணா, நான் பெண், புதுவயல். இரவு வேலை என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பெண்களுக்கு இந்தத் தொழில் சரிவருமா?

தங்கச்சி, கட்டாயம் சரிவரும், ஆள்தான் போதவில்லை. பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறைக்குள் ஆண்கள் நின்று எடுப்பது எல்லா வீட்டிலும் சங்கடம்தான். முஸ்லிம் வீட்டு நிக்காஹ்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபரே வேண்டும் என்று கேட்டுத் தேடுகிறார்கள். வீட்டில் பயப்படுவதும் நியாயம், அதனால் முதல் இரண்டு மூன்று கல்யாணங்களுக்கு அம்மாவையோ அண்ணனையோ கூட்டிவந்து அந்த டீம் தலைவரை நேரில் பார்க்க வை. போக வர வண்டி யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு முடியும் என்பதை முன்னாலேயே பேசு. பேசத் தயங்குகிற டீமில் சேராதே. பெண்கள் நடத்தும் டீம் கிடைத்தால் அங்கேயே தொடங்கு.

மூன்று கல்யாணம் போய்விட்டேன். "கற்றுக்கொள்கிறாய் அல்லவா" என்று சொல்லிக் காசு தரவில்லை.

முதல் கல்யாணம் சரி, நீயும் பார்க்கிறாய், அவரும் பார்க்கிறார். இரண்டாவதிலிருந்து காசு கேள். பஸ் செலவும் சாப்பாடும் சம்பளத்தில் சேராது. எனக்கும் இது நடந்தது, நான் வாய் திறக்காமல் ஒரு சீசன் முழுக்க ஒரு ஸ்டூடியோவுக்கு உழைத்தேன், இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. கிளம்புவதற்கு முன்னால் "அண்ணே, இந்த ரெண்டு நாளுக்கு எவ்வளவு?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு வைத்தால் பிறகு சண்டை வராது.

அசிஸ்டென்டாகப் போன கல்யாணத்தில் நான் எடுத்த படத்தை என் பக்கத்தில் போடலாமா? பெண் வீட்டார் என் நம்பரையும் கேட்டார்கள்.

படம் போடுவதற்கு முன் டீம் தலைவரிடம் கேள், அவர் சரி என்றால் அவர் பெயரையும் சேர்த்துப் போடு. நம்பர் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. அவர் பிடித்த வேலையில் நின்றுகொண்டு உன் நம்பரைக் கொடுக்காதே, அவர் விசிட்டிங் கார்டையே எடுத்துக் கொடு. காரைக்குடி சின்ன ஊர், சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தனக்குத் தேதி ஒத்துவராத கல்யாணங்களை என்னிடம் அனுப்பியது, நான் அவர் வேலையில் ஒரு நாளும் கை வைக்கவில்லை என்பதற்காகத்தான்.

எப்போது தனியாகப் போகலாம்?

இரண்டு சீசனாவது ஆகட்டும். அதற்கு முன் காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணச் சாந்தி மாதிரி விசேஷங்களைத் தனியாக எடுத்துப் பழகு. சாந்தியில் சடங்கு நிறைய, கூட்டம் நிறைய, ஆனால் கல்யாணத்து நெருக்கடி கொஞ்சம் குறைவு.

ஆவணிக்கு எனக்கே இரண்டு பேர் வேண்டும். ஸ்டாண்டை விரித்து மடக்கத் தெரிந்தால் போதும், காலை மூன்று மணிக்குப் பெரியார் சிலை பக்கம் வந்து நிற்க முடிகிறவர்கள் சொல்லுங்கள்.