நான்கு சான்றிதழ் தொகுப்பில் பணம் கட்டலாமா?

டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்புல்லாணியில் இருக்கிறீர்கள். நெட்வொர்க்கிங் வேலைக்கு முதலில் எந்தச் சான்றிதழ், நான்கையும் ஒரே தொகுப்பாகத் தரும் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள், தம்பி. சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்கநிலை நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ ஒன்றை மட்டும் எழுதுங்கள். பதில் இவ்வளவுதான். 'தொகுப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் வயிறு எரிந்ததால் மீதியையும் எழுதுகிறேன்.

நான் மண்டபத்துக்காரன். 2016-இல் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து, வெளியூர்ப் பயிற்சி நிலையம் ஒன்றில் இதே மாதிரி ஒரு தொகுப்பில் சேர்ந்தேன். (உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு நகை பீரோவை விட்டு வெளியே வந்திருக்கும்.) மூன்று மாதத்தில் ரவுட்டரைத் தொட்டது இரண்டு முறை. மற்ற நாளெல்லாம், தேர்வில் வரும் கேள்விகள் என்று கொடுத்த நகல் தாள்களை மனப்பாடம் செய்தோம். அது சிஸ்கோவின் விதிக்கு விரோதம், பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். தேறிவிட்டேன்.

சென்னையில் முதல் நேர்முகத் தேர்வு. அங்கிருந்தவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "/26 என்றால் எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம்?" என்றார். ஐபி முகவரியின் 32 பிட்டில் நெட்வொர்க்குக்கு 26 போக மிச்சம் ஆறு பிட். அதற்கு 64 முகவரி, கருவிக்குத் தராத முதலும் கடைசியும் போக 62. இவ்வளவுதான் கணக்கு. எனக்கோ அந்தக் கேள்விக்கு விடை 'சி' என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. அவர் திட்டக்கூட இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பி, இராமேஸ்வரம் விடுதிகளுக்குக் கேமரா வயர் இழுப்பவரிடம் சேர்ந்தேன். அக்னி தீர்த்தம் பக்கம் ஒரு விடுதியில் மொட்டைமாடிக் கேமரா அடிக்கடி செத்துவிடும். நான் கீழே உட்கார்ந்து அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது தாண்டாத அந்த வயர்க்கார அண்ணன் மாடிக்கு ஏறி, நெட்வொர்க் கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே45 ஜாக்கைக் கழற்றிக் காட்டினார். செம்பு முனையெல்லாம் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று. இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று முணுமுணுத்தபடியே எட்டுக் கம்பியையும் வரிசையாகச் சொருகி அழுத்தினார். படம் வந்துவிட்டது. பின்னாளில் சிசிஎன்ஏ பாடத்தில் 'சிஆர்சி பிழை', அதாவது தகவல் வழியில் சிதைந்து வருவது, என்று படித்தபோது எனக்கு அந்தக் களிம்புதான் கண்ணில் தெரிந்தது.

பழைய சான்றிதழ் மூன்று வருடம் முடிந்து 2019-இல் காலாவதியானது. போனதே தெரியவில்லை. 2020 பிப்ரவரியில் சிஸ்கோ, பல பிரிவுகளாக இருந்த சிசிஎன்ஏவை 200-301 என்ற ஒரே தேர்வாக்கியது. அதற்கு கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் இலவச மென்பொருளான பாக்கெட் டிரேசரில் எட்டு மாதம் பழகி, 2021-இல் மதுரையில் எழுதினேன். இரண்டு மணி நேரம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. இன்றைக்குக் கட்டணம் 300 டாலர், வரி தனி. அதனால்தான் நான்கை ஒன்றாக வாங்காதீர்கள் என்கிறேன்.

காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழ் எழுதியவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத நல்ல பாடம் அது. ஆனால் சென்னையிலும் வளைகுடாவிலும் நான் தேடிய வேலை விளம்பரங்களில் சிசிஎன்ஏ பெயர்தான் அதிகம் இருந்தது. சிசிஎன்ஏவுக்கு அடுத்த படியான சிசிஎன்பிக்கு இப்போது முன்தகுதி கட்டாயமில்லை. அதற்காக நேரே அதில் குதிக்காதீர்கள்; ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு எழுதலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அந்தச் சான்றிதழோடு வேலைக்குப் போன இடத்தில் சொந்த ஊரைச் சொன்னதும், "தண்ணியில்லாக் காடா?" என்று சிரித்தார்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? குடிதண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாங்கள். அதைச் சொல்லிச் சிரிக்க எங்களுக்கு உரிமை உண்டு, அவர்களுக்கு இல்லை.

என்னிடம் பழகிப் பார்க்க ஏற்ற பழைய சிஸ்கோ நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று சும்மா கிடக்கிறது. விசிறி ஐஸ் மில் மாதிரி இரையும், இரண்டு போர்ட் வேலை செய்யாது. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கணினியோடு இணைக்கும் கன்சோல் கேபிளை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.