சப்பியோனேத்தாவுக்குப் போங்கள், ஆனால் அவசரமாக வேண்டாம்

கேள்வி: மிலானிலிருந்து ஒரே நாளில் போய்வர, பழைய பிரபு குடும்பத்து அரண்மனையும் ஓவியங்களும் உள்ள, கூட்டமில்லாத சிற்றூர் சொல்லுங்கள். கார் இல்லை, நாங்கள் சைவம்.

என் பதில் யோசிக்காமல் வட இத்தாலியின் சப்பியோனேத்தாதான். பக்கத்து நகரமான மாந்தோவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளையில் வந்த வெஸ்பசியானோ (1531–1591), நட்சத்திர வடிவக் கோட்டைச் சுவருக்குள் தனக்கென்று ஒரு தலைநகரத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை, அவர் போனதும் ஊரின் செல்வாக்கும் போய்விட்டது, அதனாலேயே பெரிய மாற்றம் ஏதுமில்லாமல் இன்றுவரை தப்பியிருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ மாந்தோவாவையும் இதையும் சேர்த்தே பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

ஒரே நாளில் போய்வருவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். மிலானிலிருந்து மாந்தோவாவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல், பாதி நாள் வழியிலேயே கரைந்துவிடும். முதல் நாள் இரவு மாந்தோவாவில் தங்கிவிட்டு, காலை பஸ்ஸைப் பிடியுங்கள். ஞாயிறன்று பஸ் குறைவு, திங்களன்று பொதுவாக எல்லாம் பூட்டியிருக்கும், இரண்டையும் தவிருங்கள்.

எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், அதையே வாங்குங்கள். முதலில் தோட்ட அரண்மனை, அதை ஒட்டியே நீளும் கிட்டத்தட்ட 97 மீட்டர் ஓவியக்கூடம். பிரபு சேர்த்த பழங்காலச் சிலைகள் அங்கே இருந்தவை, பிற்பாடு மாந்தோவாவுக்குப் போய்விட்டன. இன்கொரொனாத்தா தேவாலயத்தில் லியோனே லியோனி வார்த்த வெஸ்பசியானோவின் வெண்கலச் சிலையையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நாடக அரங்கு. இதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். 1588–1590இல் கட்டடக்கலைஞர் ஸ்கமொத்சி கட்டியது, நாடகத்துக்கென்றே தனிக் கட்டடமாக எழுந்த ஆரம்பகால அரங்குகளில் ஒன்று. மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அங்கே இருப்பது பின்னாளில் மறுபடி அமைத்தது. திரும்பி நின்று, பிரபு உட்கார்ந்த தூண் மாடத்தையும் அதன் மேல் வரிசையாக நிற்கும் ஒலிம்பஸ் மலையின் கிரேக்கத் தெய்வச் சிலைகளையும் பாருங்கள், பிறகு பக்கச் சுவர்களின் உச்சியை: அங்கே ஓவியத்தில் தீட்டிய ஆண்களும் பெண்களும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நாடகம் தொடங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி, கீழே உங்களையே எட்டிப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், பூசணிக்காய் அடைத்த தொர்தெல்லி என்ற பாஸ்தா இந்த வட்டாரத்தின் பெருமை. வெண்ணெயும் சேஜ் என்ற மூலிகை இலையும் போட்டுத் தரச் சொல்லுங்கள், இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையிலேயே, இறங்கும்போதே நிறுத்தத்தில் பார்த்து வைத்துவிடுங்கள்.