பிறந்த வீட்டுப் பெயர் இல்லாத பெண்மணி

கேள்வி: கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிக் குடும்பம் ஒன்றின் பங்களாவில் என் தாத்தா தோட்ட வேலை பார்த்தார். அக்குடும்பத்தார் ஊர் திரும்பியபோது அவரிடம் கொடுத்துச் சென்ற ஆங்கில வேதாகமம் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1866இல் அச்சான அதில், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடைப்பட்ட தாள்களில், ஒரு பெண்மணி 1832இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தது, 1851இல் ஓஹியோ விவசாயி ஒருவரை மணந்தது, அவர்களுடைய ஏழு பிள்ளைகளின் பிறந்த நாட்கள் ஆகியவை கையால் எழுதப்பட்டுள்ளன. பெண்மணியின் முதற்பெயர் மட்டுமே உள்ளது. அவர் யார் மகள் என்று கண்டறிந்து, சந்ததியாரிடம் நூலைச் சேர்ப்பிக்க விரும்புகிறேன். இங்கிருந்தே முடியுமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: பெருமளவு முடியும். அக்காலத்து அமெரிக்கக் கிராமப் பெண் மணமானதும் கணவரின் குடும்பப்பெயருக்கு மாறிவிடுவார். நிலமும் வரியும் பெரும்பாலும் கணவர் பெயரிலேயே இருக்கும். நம் பத்திரங்களில் ‘த/பெ’ போய் ‘க/பெ’ வந்துவிட்ட பெண்ணின் தகப்பனாரைத் தேடுவது போன்ற வேலைதான் இது. ஆகவே கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரின் ஆவணங்கள் வழியாகவே அவரை அடைய வேண்டும்.

முதலில் வேதாகமத்தையே சோதியுங்கள். 1866இல் அச்சான நூலில் 1832, 1851 ஆம் ஆண்டுகளின் செய்திகள் பிற்பாடு நினைவிலிருந்தோ வேறொரு தாளிலிருந்தோதான் எழுதப்பட்டிருக்க முடியும். ஆகவே ஓரிரு ஆண்டுகள் பிசகியிருக்க இடமுண்டு. மை மாறும் இடத்திலிருந்து வரும் பதிவுகளே நிகழ்ச்சி நடந்த காலத்தில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். பிள்ளைகளின் நடுப்பெயர்களையும் கவனியுங்கள். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரை மகனுக்கு நடுப்பெயராக வைப்பது அங்கே பரவலாக இருந்தது.

உங்களுக்கு வாய்த்த பெரிய அனுகூலம் அந்தத் திருமண ஆண்டுதான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். அடிமைகளல்லாத ஒவ்வொருவரின் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் முதன்முதலாக 1850இல்தான் பதிவாயின. வேதாகமத்து ஆண்டு சரியென்றால், அவ்வாண்டு ஜூனில் இப்பெண்மணி ஏறத்தாழ பதினெட்டு வயதுக் கன்னிப்பெண்ணாகத் தந்தை வீட்டில், தந்தையின் குடும்பப்பெயரோடு இருந்திருக்க வேண்டும். அப்பட்டியலில் உறவுமுறை குறிக்கப்படாததால் அது மட்டும் போதாது. கணவர் வாழ்ந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு) 1851ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டில் மணமகளின் முழுப்பெயரைக் கண்டு, பிறகு 1850க்குத் திரும்புவதே நல்ல வரிசை. திருமணம் வெர்மான்டில் நடந்திருந்தால் அந்தந்த நகர எழுத்தரின் பதிவேட்டில் தேட வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவண இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் 1880க்குச் செல்லுங்கள். உறவுமுறை எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அதுவே. கணவரின் வீட்டில் அவருடைய ‘மாமியார்’ என்று, அதாவது இப்பெண்மணியின் தாய் என்று, ஒரு மூதாட்டி பதிவாகியிருந்தால், அவர் மறுமணம் செய்யாத வரையில், அவருடைய குடும்பப்பெயரே நீங்கள் தேடும் பெயர். 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தையொட்டி அநேகமாக முற்றிலும் அழிந்துவிட்டன. 1900இல் எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், எத்தனை பேர் உயிரோடிருக்கின்றனர் என்று தாய்மாரிடம் கேட்டிருக்கிறார்கள்; அந்த விடை உங்கள் ஏழோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பலர் தவறவிடும் வழி, பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ். ஓஹியோவில் மாநில அளவிலான இறப்புப் பதிவு 1908 டிசம்பரில் தொடங்கியது. அச்சான்றிதழில் இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கும் இடம் உண்டு. தகவல் தந்தவர் மருமகனாகவோ அண்டை வீட்டாராகவோ இருந்தால் பெயர் தவறியிருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒப்பிட்டே நம்ப வேண்டும்.

என்னைக் கேட்டால் நிலப் பத்திரங்களே எல்லாவற்றிலும் உறுதியானவை. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், மகன்களோடு மகள்களும் மருமகன்களும் சேர்ந்து கையொப்பமிட்டே பூர்வீக நிலத்தை விற்பார்கள்; அத்தகைய ஒரே பத்திரத்தில் முழுக் குடும்பமும் கிடைத்துவிடும். கணவர் 1861–65 உள்நாட்டுப் போரில் பணியாற்றியிருந்து, இவர் கைம்பெண் ஓய்வூதியம் கோரியிருந்தால், வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகக் கோப்பில் திருமணச் சான்று இருக்கும். சிலர் வேதாகமத் தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் பிரதியில் அப்படி ஏதேனும் தாள் குறைகிறதா என்றும் பாருங்கள்.

இந்த நூல் பழனி மலைக்கு வந்த வழி மறுமுனையிலிருந்து உதவக்கூடும். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் கொடைக்கானலில் 1845இல் முதல் பங்களாக்களைக் கட்டியது. அதை நடத்திய பாஸ்டன் சபையின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. ஆனால் கோடைக்கு இங்கே வந்தவர்களில் வேறு மிஷன்களைச் சேர்ந்தவர்களும் இருந்ததால், உங்கள் தாத்தா வேலை பார்த்த குடும்பம் எந்த மிஷனைச் சேர்ந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பங்களாவின் பெயர், தாத்தா பணியாற்றிய ஆண்டுகள், கையெழுத்துத் தாள்கள் மற்றும் தலைப்புப் பக்கத்தின் படங்கள் ஆகியவற்றை இணைத்து நூலகத்துக்கு எழுதுங்கள். சந்ததியார் யாரென்று உறுதியாகும் வரை மூல நூலை அஞ்சலில் அனுப்ப வேண்டாம்.