சுரங்கத்தில் பொறிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஒருவர் கதையைச் சொல்லி நடத்த, மற்றவர்கள் அதில் வீரர்களாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். ஆட்டத்தை நடத்துவது நான், வீரர்கள் நால்வர். வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று ஊரில் சொல்வார்களே, அதைத்தான் களமாக வைத்திருக்கிறேன். சிக்கல் பொறிகளில் வருகிறது. “பொறி இருக்கிறதா, பார்க்கிறேன்” என்று ஒருவர் பகடை உருட்டுகிறார். 3 விழுகிறது. “ஒன்றும் தெரியவில்லை” என்கிறேன். எண் சிறியது என்பதால் என் பதிலை நம்பாமல் உடனே மற்ற மூவரும் உருட்டுகிறார்கள். 19 விழுந்துவிட்டால் நிம்மதியாக நடக்கிறார்கள். இனி நானே மறைத்து உருட்டலாமா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

உருட்டலாம். ஆனால் மறைத்தாலும் உங்கள் பதில் “ஒன்றும் தெரியவில்லை” என்பதுதானே? அதைக் கேட்டவருக்கு அடுத்துச் செய்ய எதுவும் இருக்காது. பொறியைக் கண்டுபிடிக்கப் பகடையே வேண்டாம் என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். பொறியைக் கண்டுபிடிக்க எட்ட வேண்டிய எண் 15, வீரர் தன் திறமைக்காகப் பகடையோடு சேர்த்துக்கொள்ளும் கூட்டெண் 4 என்றால் இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். சரிபாதி வாய்ப்பு. நால்வருக்கும் அதே கூட்டெண் இருந்து நால்வரும் உருட்டினால், எல்லோரும் கோட்டைவிடுவது 16இல் ஒரு முறைதான். அதற்குப் பெயர் சோதனையா? உருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவரை மட்டும் விடுங்கள். இன்னொருவர் உதவினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கட்டும். வாய்ப்பு 75 சதவீதமாகும், கூச்சலும் குறையும்.

இந்த ஆட்டத்துக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், உருட்டாமலே கவனிப்பதற்கு ஓர் எண் உண்டு: 10உடன் கூட்டெண்ணைச் சேர்த்தால் போதும். வசதியானது. ஆனால் உங்கள் குழுவில் பெரிய எண் 14 என்று தெரிந்தே பொறிக்கு 15 வைத்தால், முடிவை வீட்டிலேயே எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

1974இல் வந்த முதல் விதிநூல்களில் திருடன் என்ற வீரர் வகையே கிடையாது. பொறியைச் செயலிழக்கச் செய்யும் சதவீதக் கணக்கோடு அவன் வந்தது 1975இல், கிரேஹாக் என்ற இணைப்பு நூலில். அதற்கு முன் பத்தடிக் கோலால் தரையைத் தட்டிப் பார்ப்பதும், நடத்துபவரைக் கேள்வியால் துளைப்பதும்தான் வழி. திருடன் வந்தபின் மற்றவர்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

உங்கள் சுரங்கத்துக்கே வருவோம். கூரைக்கு மேல் பாலாற்று மணலைத் தேக்கி வைத்திருக்கிறது ஒரு கற்பலகை. அடியிலுள்ள படியை மிதித்தால் மணல் மொத்தமும் இறங்கும். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: தரையெல்லாம் களிமண், ஒரே ஓரிடத்தில் மட்டும் கைப்பிடி மணல் குவிந்திருக்கிறது. ஒருவர் மேலே பார்ப்பார். பலகை ஓரத்தில் இடுக்கு தெரிகிறது என்பீர்கள். இன்னொருவர் கோலால் படியை அழுத்துவார். மேலே கல் நறநறக்கும். இதில் எதற்கும் பகடை தேவையில்லை. படிக்கு முட்டுக் கொடுக்கையில் கை நழுவுமா, மணல் சரியும்போது பின்னால் தாவ முடியுமா என்று வரும்போது உருட்டச் சொல்லுங்கள். தோற்றால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கை நடுங்கும்.

ஒவ்வொரு கல்லையும் தட்டுவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால் தடுக்காதீர்கள். அவருடைய தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். இருட்டில் அலையும் ஜந்துக்கள் வேறு இருக்கின்றன. ஆனால் ஆளையே கொல்லும் பொறியைத் துப்பு எதுவும் தராமல் வைக்காதீர்கள், அது அநியாயம்.

சுரங்கம் விரிஞ்சிபுரத்தில் எங்கே முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கோயிலின் சிம்ம தீர்த்தத்தைப் போய்ப் பாருங்கள், அதன் வாசலே சிங்கத்தின் வாய். அப்படியொரு வாசலைக் கடைசியில் வையுங்கள், பொறி எதுவும் வேண்டாம். நால்வரும் அரை மணி நேரம் வெளியிலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.